கடலில் விழும் ஹெலிகாப்டர்கள்: முடிவுகள் எடுக்கப்படுவது கரையில்

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலைக் கொந்தளிக்கச் செய்யும் மாதங்களிலும் மும்பையின் ஜுஹு விமானத் தளத்திலிருந்து ஹெலிகாப்டர்கள் புறப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. கரையிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மும்பை ஹை எண்ணெய் வயலுக்கு அவை தொழிலாளர்களையும் பொறியாளர்களையும் சுமந்து செல்கின்றன. 1974இல் கண்டறியப்பட்டு 1976இல் உற்பத்தியைத் தொடங்கிய அந்த வயல், நாட்டின் எண்ணெய் உற்பத்தியில் பெரும் பங்கை இன்றும் அளித்துவருகிறது. பதினான்கு நாட்கள் கடலில் வேலை, பதினான்கு நாட்கள் கரையில் ஓய்வு என்ற சுழற்சியில் உழைப்பவர்களுக்கு ஹெலிகாப்டர் ஓர் ஆடம்பர வாகனமன்று. ஆலைத் தொழிலாளிக்குப் பேருந்து எப்படியோ, அவர்களுக்கு ஹெலிகாப்டர் அப்படி. அதில் ஏற மறுத்தால் வேலை இல்லை.

2022 ஜூன் 28 அன்று அப்படிப் புறப்பட்ட பவன் ஹன்ஸ் நிறுவனத்தின் ஹெலிகாப்டர் ஒன்று, 'சாகர் கிரண்' என்ற ரிக்கை நெருங்கும் வேளையில் கடலில் விழுந்தது. சென்றடைய வேண்டிய இடம் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தொலைவில்தான் இருந்தது. இரண்டு விமானிகளும் ஏழு பயணிகளுமாக ஒன்பது பேர் அதில் இருந்தனர். அருகிலிருந்த கப்பலும் ரிக்கின் மீட்புப் படகும் விரைந்து சென்று அனைவரையும் நீரிலிருந்து மீட்டன. ஆயினும் நால்வர் உயிர் பிழைக்கவில்லை. அவர்களில் மூவர் ஓஎன்ஜிசி ஊழியர்கள். ஒருவர் ஒப்பந்ததாரரிடம் பணிபுரிந்தவர்.

இது முதல் விபத்தும் அன்று. 2018 ஜனவரி 13 அன்று ஜுஹுவிலிருந்து புறப்பட்ட மற்றொரு பவன் ஹன்ஸ் ஹெலிகாப்டர் கடலில் விழுந்ததில் ஐந்து ஓஎன்ஜிசி அதிகாரிகளும் இரண்டு விமானிகளும் உயிரிழந்தனர். ஒருவரும் மிஞ்சவில்லை. 2015 நவம்பரில் இரவுநேரப் பயிற்சிப் பறப்பின்போது இரண்டு விமானிகள் மாண்டனர். 2003 ஆகஸ்ட் 11 அன்று ஓஎன்ஜிசிக்காகத் தனியார் நிறுவனம் ஒன்று இயக்கிய ஹெலிகாப்டர் கடலில் விழுந்து 25க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஒவ்வொரு முறையும் இரங்கல் அறிக்கை, இழப்பீட்டு அறிவிப்பு, விசாரணை உத்தரவு என்ற வரிசை தவறாமல் நிகழ்ந்தது. ஒவ்வொரு முறையும் 'எதிர்பாராத விபத்து' என்ற சொல்லும் தவறாமல் வந்தது.

எதிர்பாராதது என்ற இந்தச் சொல்லைத்தான் தொழிலாளி வர்க்கம் கேள்விக்குள்ளாக்க வேண்டியிருக்கிறது.

இயந்திரம் நிற்கும்போது நிகழ்வது என்ன?

கடலுக்கு மேல் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஹெலிகாப்டர்களில் பொதுவாக இரண்டு இயந்திரங்கள் இருக்கும். ஒன்று செயலிழந்தால், சுமை வரம்புக்குள் இருக்கும்வரை மற்றொன்றைக் கொண்டு கரையையோ அருகிலுள்ள மேடையையோ அடைய முடியும். இரண்டும் நின்றாலும் ஹெலிகாப்டர் கல்லைப் போல் விழுந்துவிடுவதில்லை. கீழே இறங்கும் வேகத்தில் அடியிலிருந்து மேல்நோக்கிப் பாயும் காற்று, தலைக்கு மேலுள்ள இறக்கைகளைத் தொடர்ந்து சுழலச் செய்கிறது. அந்தச் சுழற்சியில் சேமிக்கப்பட்ட ஆற்றலைக் கடைசி நொடிகளில் பயன்படுத்தி, தேர்ந்த விமானி மெதுவாக நீரில் இறக்க முடியும். இயந்திரத்திலிருந்து இறக்கைகளுக்கு விசையைக் கொண்டுசெல்லும் கியர்பாக்ஸ் பழுதடைவது இதைவிடக் கொடியது. இறக்கைகளே நின்றுவிடும் அபாயம் அதில் உண்டு. ஆகவே கியர்பாக்ஸ் எச்சரிக்கை எழுந்ததும் தாமதியாமல் கடலில் இறங்கிவிடுவதே விமானிகளுக்குக் கற்பிக்கப்படும் பாடம்.

இறங்கிய பிறகுதான் உண்மையான சோதனை தொடங்குகிறது. இயந்திரங்களும் கியர்பாக்ஸும் கூரைமீது இருப்பதால் ஹெலிகாப்டரின் மேற்பகுதி கனமானது. மிதவைகள் விரிந்தாலும் அலை உயரமாக இருந்தால் அது தலைகீழாகக் கவிழ்ந்துவிடும். உள்ளே இருப்பவர் இருக்கைப் பட்டையில் தலைகீழாகத் தொங்குகிறார். நீர் புகுந்து இருள் சூழ்கிறது. எது மேல், எது கீழ் என்ற உணர்வே அற்றுப்போகிறது. ஒரே மூச்சின் நேரத்திற்குள் பட்டையைக் கழற்றி, ஜன்னலைத் தள்ளித் திறந்து, வெளியேற வேண்டும். மோதலில் உயிர் தப்பியவரும் வெளியேற வழியின்றி நீரில் மூழ்கி இறக்கும் கொடுமை இத்தகைய விபத்துகளில் நேர்கிறது.

அந்தச் சில நொடிகளில் ஒருவர் பிழைப்பதைத் தீர்மானிப்பவை எவை? அவர் ஜன்னலருகே அமர்த்தப்பட்டாரா, நடு இருக்கையில் அடைக்கப்பட்டாரா? கவிழ்ந்த கூண்டிலிருந்து வெளியேறும் பயிற்சி அவருக்கு நீச்சல் குளத்தில் உண்மையாகவே அளிக்கப்பட்டதா, காகிதத்தில் மட்டும் அளிக்கப்பட்டதா? நீருக்கடியில் சில மூச்சுகளைத் தரும் அவசரச் சுவாசக் கருவி அவரிடம் இருந்ததா? அன்றைய அலை உயரத்தில் அந்த ஹெலிகாப்டர் பறக்க அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டுமா? இந்தக் கேள்விகளில் ஒன்றுகூட நடுக்கடலில் முடிவாவதில்லை. அனைத்திற்கும் விடை கரையிலுள்ள அலுவலகங்களில், செலவுக் கணக்குகளின் மீது, பல மாதங்களுக்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது.

2023 மார்ச் 8 அன்று மும்பைக் கடலோரத்தில் திடீரென விசையிழந்த கடற்படை ஹெலிகாப்டரை அதன் விமானி கட்டுப்பாட்டுடன் நீரில் இறக்கினார். மூவரும் மீட்கப்பட்டனர். 2024 செப்டம்பர் 2 இரவு, போர்பந்தர் அருகே கப்பலொன்றில் காயமுற்றிருந்த மாலுமியை மீட்கச் சென்ற கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் கடலில் விழுந்தபோது நால்வரில் ஒருவரே உயிர் தப்பினார். பயிற்சி பெற்ற சீருடைப் பணியாளர்களுக்கே இந்நிலை என்றால், சமையல் வேலைக்கும் வண்ணப் பூச்சுக்கும் வெல்டிங் பணிக்கும் ரிக்குக்குச் செல்லும் ஒப்பந்தத் தொழிலாளியின் நிலை என்ன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

'மிக மிக அரிது' என்ற சொல்லின் விலை

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடற்பரப்பில் 2009 மார்ச் 12 அன்று நிகழ்ந்த விபத்து, இதன் வர்க்க உள்ளடக்கத்தை மறைவின்றி வெளிப்படுத்தியது. எண்ணெய் மேடைகளுக்குச் சென்றுகொண்டிருந்த எஸ்-92 ஹெலிகாப்டரில் 18 பேர் இருந்தனர். கியர்பாக்ஸின் எண்ணெய் வடிகட்டியைப் பிணைத்திருந்த டைட்டானியத் திருகாணிகள் உடைந்தன. எண்ணெய் முழுவதும் வெளியேறியது. சில நிமிடங்களில் ஹெலிகாப்டர் கடலில் மோதியது. 17 பேர் உயிரிழந்தனர். ஒருவர் மட்டுமே மீட்கப்பட்டார்.

அந்தத் திருகாணிகள் உடையக்கூடியவை என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. 2008இல் ஆஸ்திரேலியாவில் அதே வகை ஹெலிகாப்டர் ஒன்றில் அவை உடைந்திருந்தன. 2009 ஜனவரியில் உற்பத்தி நிறுவனம் அவற்றை எஃகுத் திருகாணிகளாக மாற்றுமாறு அறிவுறுத்தியது. ஆனால் அதற்கு அளிக்கப்பட்ட அவகாசம் ஓராண்டு அல்லது 1,250 பறப்பு மணி நேரம். இரண்டு மாதங்கள் முடிவதற்குள் 17 உயிர்கள் பறிபோயின. விபத்துக்குப் பிறகு அதே திருகாணிகளை மாற்றாமல் பறக்கவே கூடாது என்று உத்தரவிட முடிந்தது. உத்தரவிட இயலும் என்பது அப்போது உலகுக்குத் தெரியவந்தது. முன்பே செய்திருந்தால் ஹெலிகாப்டர்கள் சில நாட்கள் நின்றிருக்கும், எண்ணெய் நிறுவனங்களின் அட்டவணை சற்றுக் குலைந்திருக்கும். நிகழ்ந்திருக்கக்கூடிய இழப்பு அவ்வளவே.

இன்னொரு உண்மையும் விசாரணையில் வெளிவந்தது. எண்ணெய் முற்றிலும் வெளியேறிய பின் அந்தக் கியர்பாக்ஸ் எவ்வளவு நேரம் தாங்கும் என்று உரிமம் பெறுவதற்கு முன் நடத்தப்பட்ட சோதனையில் அது சுமார் 11 நிமிடங்களே தாங்கியது. வேண்டியதோ 30 நிமிடங்கள். வடிவமைப்பில் ஒரு மாற்றம் செய்யப்பட்டு, எண்ணெய் முழுவதும் வெளியேறுவது 'மிக மிக அரிது' என்ற விதிவிலக்கின் கீழ் உரிமம் வழங்கப்பட்டது. எது அரிது என்பதைத் தீர்மானித்தவர்கள் அந்த ஹெலிகாப்டரில் நாள்தோறும் ஏறியவர்கள் அல்லர். விபத்து குறித்து ஆராய்ந்த ராபர்ட் வெல்ஸ் தலைமையிலான விசாரணை, கடல்சார் எண்ணெய்த் துறைக்குத் தனித்து இயங்கும் பாதுகாப்பு ஆணையம் வேண்டும் என்று 2010இல் பரிந்துரைத்தது.

தொழிலாளர்கள் பேசியபோது மாறியவை

பிரிட்டனை ஒட்டிய வட கடலில் 2012இல் மட்டும் இரண்டு ஈசி-225 ரக ஹெலிகாப்டர்கள் கியர்பாக்ஸ் பழுதால் கடலில் இறங்கின. மே மாதத்தில் 14 பேரும், அக்டோபரில் 19 பேரும் அவற்றில் இருந்தனர். மிதவைகள் செயல்பட்டன, மீட்பு விரைவாக வந்தது, 33 பேரும் உயிருடன் கரை சேர்ந்தனர். அந்த ரக ஹெலிகாப்டர்களின் கடல் பறப்புகள் பல மாதங்கள் நிறுத்திவைக்கப்பட்டன.

2013 ஆகஸ்டில் ஷெட்லாந்து அருகே மற்றொரு ஹெலிகாப்டர் விழுந்து நால்வர் இறந்தபோது எண்ணெய்த் தொழிலாளர்களின் சினம் வெடித்தது. 2014இல் பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம் கட்டாய விதிகளை வெளியிட வேண்டியதாயிற்று. கடல் கொந்தளிப்பு வரையறுத்த அளவைத் தாண்டினால் பறக்கக் கூடாது. மேம்பட்ட சுவாசக் கருவியோ கூடுதல் மிதவைகளோ இல்லாதவரை, வெளியேறும் ஜன்னலை ஒட்டிய இருக்கைகளில் மட்டுமே பயணிகள் அமர வேண்டும் என்பவை அவற்றுள் முக்கியமானவை. பின்னர் பயணிகளின் தோள் அகலம்கூட அளக்கப்பட்டு, அதற்கேற்ற ஜன்னலருகே இருக்கை ஒதுக்கும் முறை வந்தது. 2016 ஏப்ரலில் நார்வேயில் இன்னொரு விபத்தில் 13 பேர் மாண்டனர். பின்னர் தடை நீக்கப்பட்டபோதும் அந்த ரக ஹெலிகாப்டரில் ஏற மாட்டோம் என்று தொழிற்சங்கங்கள் உறுதியாக நின்றன.

அங்கும் மூலதனம்தான் ஆட்சி செய்கிறது. அங்கும் விதிகள் பிணங்களின் மீதே எழுதப்பட்டன. 1988 ஜூலை 6 அன்று பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை தீப்பற்றி 167 பேர் இறந்த பிறகே வட கடல் தொழிலாளர்கள் பாதுகாப்புக்காகப் பெருமளவில் அணிதிரண்டனர். ஆனாலும் ஒன்று மறுக்க முடியாதது. காலியாக விடப்படும் ஒவ்வொரு நடு இருக்கையும் நிறுவனத்துக்கு இழப்பு. கொந்தளிப்பு நாளில் ரத்தாகும் ஒவ்வொரு பறப்பும் இழப்பு. இந்த இழப்பை மூலதனம் ஏற்றுக்கொண்டது கருணையால் அன்று. தொழிலாளர்களின் கூட்டுக் குரல் அதை ஏற்க வைத்தது.

ஒரே கூரையின் கீழ் கேள்வியும் பதிலும்

இந்தியாவின் நிலைமை என்ன? பவன் ஹன்ஸ் நிறுவனத்தில் ஒன்றிய அரசுக்கு 51 விழுக்காடும் ஓஎன்ஜிசிக்கு 49 விழுக்காடும் பங்குகள் உள்ளன. அந்நிறுவனம் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. அதைக் கண்காணிக்கும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமும் அதே அமைச்சகத்தைச் சேர்ந்தது. விபத்துகளை விசாரிக்க 2012இல் அமைக்கப்பட்ட விமான விபத்து விசாரணைப் பிரிவும் அதே அமைச்சகத்தின் அங்கமே. கடல்சார் எண்ணெய்ப் பணிகளின் பாதுகாப்பை 2008ஆம் ஆண்டு விதிகளின்படி மேற்பார்வையிடும் எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்குநரகமோ, ஓஎன்ஜிசியை நிர்வகிக்கும் அதே பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ் உள்ளது.

ஹெலிகாப்டரை இயக்குபவர், அதை அமர்த்துபவர், அதைக் கண்காணிப்பவர், விபத்தை விசாரிப்பவர் என அனைவரும் ஒரே அரசின் இரண்டு அமைச்சகங்களுக்குள் அடங்கிவிடுகின்றனர். அதிகாரிகளின் தனிப்பட்ட நேர்மை இங்கே கேள்விக்குரியதன்று. அமைப்பின் கட்டுமானமே கேள்விக்குரியது. தன் அமைச்சகத்தின் தவறை அதே அமைச்சகத்திடம் எழுதிக் கொடுக்க வேண்டிய விசாரணை அதிகாரி, எவ்வளவு நேர்மையானவராயினும், சுதந்திரமானவராக முடியாது. இந்த முழு வட்டத்திலும் பயணம் செய்யும் தொழிலாளர்களின் பிரதிநிதிக்கு மட்டும் இடமில்லை.

விற்பனைப் பட்டியலில் ஒரு நிறுவனம்

1985இல் தொடங்கப்பட்ட பவன் ஹன்ஸ், கடல்சார் எண்ணெய்த் துறைக்காகவே முதன்மையாக உருவாக்கப்பட்டது. அதற்குப் புதிய ஹெலிகாப்டர்கள், பராமரிப்பு வசதிகள், நிரந்தரப் பொறியாளர்கள் ஆகியவற்றை அளித்து வலுப்படுத்த வேண்டிய ஒன்றிய அரசு, பல ஆண்டுகளாக அதை விற்பதற்கான முயற்சியிலேயே கவனம் செலுத்தியது. ஏலம் கூறுவதும் கைவிடுவதும் மீண்டும் கூறுவதுமாகக் காலம் கழிந்தது. 2022 ஏப்ரல் இறுதியில், அரசின் 51 விழுக்காட்டுப் பங்குகளை 211 கோடி ரூபாய்க்கு ஒரு தனியார் கூட்டமைப்புக்கு விற்க ஒப்புதல் அளிக்கப்பட்டது. அந்தக் கூட்டமைப்பின் ஓர் உறுப்பினருக்கு எதிராக நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் ஆணை இருப்பது வெளியானதும் விற்பனை நிறுத்திவைக்கப்பட்டது. 2023 ஜூலையில் அது ரத்து செய்யப்பட்டது. 2022 ஜூன் விபத்து நிகழ்ந்தது இந்த இடைவெளியில்தான்.

விபத்துக்கு விற்பனை முயற்சியே நேரடிக் காரணம் என்று கூறுவது பொறுப்பான கூற்றாகாது. ஆனால் நாளை எவர் கைக்குப் போகுமோ என்ற நிலையில் ஆண்டுக்கணக்கில் நிறுத்தப்பட்ட ஒரு நிறுவனத்தில் நீண்டகால முதலீடும், ஊழியர்களின் மன உறுதியும், பராமரிப்பின் ஒழுங்கும் எப்படி நிலைக்கும் என்ற கேள்விக்கு ஒன்றிய அரசு விடையளிக்க வேண்டும்.

பவன் ஹன்ஸ் சந்தித்த விபத்துகளைச் சுட்டி, பொதுத்துறை என்பதால்தான் இந்த நிலை என்று தனியார்மய ஆதரவாளர்கள் வாதிடுகின்றனர். 2003இல் அதிக உயிர்களைப் பலிகொண்ட ஹெலிகாப்டரை இயக்கியது தனியார் நிறுவனம் என்பதையும், கனடாவிலும் வட கடலிலும் விழுந்தவை அனைத்தும் தனியார் நிறுவனங்கள் இயக்கியவை என்பதையும் அவர்கள் மறைக்கின்றனர். அதே வேளையில், பொதுத்துறை என்ற பெயர்ப்பலகை மட்டுமே ஓர் உயிரையும் காக்காது என்பதைத் தொழிற்சங்க இயக்கமும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பொதுத்துறையைக் காக்கும் போராட்டமும் பொதுத்துறைக்குள் பாதுகாப்புக்கான போராட்டமும் ஒன்றேதான். இரண்டாவதைக் கைவிட்டால், முதலாவதில் மக்களின் ஆதரவைப் பெற இயலாது.

மறுக்கும் உரிமை யாருக்கு?

2021 மே மாதத்தில் டவ்-தே புயல் குறித்து வானிலைத் துறை பல நாட்களுக்கு முன்பே எச்சரித்திருந்தும், மும்பை ஹை பகுதியில் பி-305 என்ற மிதவைக் குடியிருப்பு கடலிலேயே நின்றது. மே 17 அன்று அது மூழ்கியதில் 70க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதில் தங்கியிருந்தவர்கள் ஓஎன்ஜிசியின் பணியை மேற்கொண்டிருந்த ஒப்பந்த நிறுவனங்களின் தொழிலாளர்கள். 'இங்கிருந்து எங்களைக் கரைக்கு அழைத்துச் செல்லுங்கள்' என்று கோருவதற்கும், கோரிக்கை மறுக்கப்பட்டால் வேலையை நிறுத்துவதற்கும் அவர்களுக்கு எந்த நடைமுறை உரிமையும் இருக்கவில்லை.

உடனடி அபாயம் இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளி பணியிடத்தை விட்டு விலகினால் அவர்மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 155ஆவது ஒப்பந்தம் கூறுகிறது. அந்த ஒப்பந்தத்துக்கு இந்திய அரசு ஏற்புறுதி வழங்கவில்லை. 29 சட்டங்களை நான்காகச் சுருக்கி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்புகளோ எதிர்த்திசையில் செல்கின்றன. அபாயம் கண்டால் முதலாளியிடம் தெரிவிக்கலாம். அவர் ஏற்காவிட்டால் விஷயம் ஆய்வாளருக்குச் செல்லும் என்பதோடு தொழிலாளியின் உரிமை முடிந்துவிடுகிறது. அந்த ஆய்வாளரும் இப்போது முதலாளிகளுக்கு 'உதவி செய்பவர்' என்ற பட்டத்தையும் சேர்த்துச் சுமக்கிறார். ஒப்பந்ததாரர் உரிமம் பெறுவதற்கான வரம்பு 20 தொழிலாளர்களிலிருந்து 50 ஆக உயர்த்தப்பட்டுள்ளது. எண்ணெய் மேடைகளில் துணை ஒப்பந்தங்கள் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து வழங்கப்படும் நிலையில், இதன் பொருள் எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

கோரிக்கைகள் தெளிவானவை

கடல்சார் எண்ணெய்த் துறைக்கும் விமான விபத்து விசாரணைக்கும், அமைச்சகங்களுக்குக் கட்டுப்படாத, நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் சுயேச்சையான பாதுகாப்பு ஆணையம் அமைக்கப்பட வேண்டும். விசாரணை அறிக்கைகள் குறித்த காலத்தில் வெளியிடப்பட்டு, இந்திய மொழிகளில் தொழிலாளர்களின் கையில் சேர வேண்டும். அலை உயர வரம்பு, ஜன்னலருகே இருக்கை, அவசரச் சுவாசக் கருவி, நீரில் கவிழ்ந்த கூண்டிலிருந்து வெளியேறும் பயிற்சி ஆகியவை கட்டாயமாக்கப்பட்டு, நிரந்தர ஊழியர், ஒப்பந்தத் தொழிலாளர் என்ற வேறுபாடின்றி அனைவருக்கும் நடைமுறைப்படுத்தப்பட வேண்டும். ஒவ்வொரு மேடையிலும் ரிக்கிலும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் வாக்குள்ள, தேர்ந்தெடுக்கப்பட்ட பாதுகாப்புக் குழு வேண்டும். அபாயகரமான பயணத்தை மறுக்கும் உரிமை சட்டமாக்கப்பட வேண்டும். பவன் ஹன்ஸை விற்கும் எண்ணம் நிரந்தரமாகக் கைவிடப்பட்டு, அதற்குத் தேவையான முதலீடு வழங்கப்பட வேண்டும். உயிரிழந்த ஒப்பந்தத் தொழிலாளியின் குடும்பத்துக்கும் நிரந்தர ஊழியரின் குடும்பத்துக்கும் சமமான இழப்பீடு அளிக்கப்பட வேண்டும்.

தோழர்கள் இந்தப் பிரச்சினையைத் தொலைவில் உள்ள மும்பைக் கடலின் பிரச்சினையாகக் கருதலாகாது. பட்டாசு ஆலையில் வெடித்துச் சிதறும் தொழிலாளிக்கும், கழிவுநீர்த் தொட்டியில் மூச்சுத் திணறி மாயும் தூய்மைப் பணியாளருக்கும், நடுக்கடலில் கவிழ்ந்த ஹெலிகாப்டருக்குள் சிக்கிய எண்ணெய்த் தொழிலாளிக்கும் மரணச் சான்றிதழில் எழுதப்படும் காரணங்கள் வேறு வேறாக இருக்கலாம். பாதுகாப்பைச் செலவு என்றும் உயிரைக் கணக்கின் ஓர் இனம் என்றும் பார்க்கும் அமைப்பு ஒன்றேதான். தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்கு எதிரான பிரச்சாரத்தில் ஊதியமும் வேலை நேரமும் இடம்பெறும் அதே அழுத்தத்தோடு உயிர்ப் பாதுகாப்பும் இடம்பெற வேண்டும்.

விமானியின் திறமை ஹெலிகாப்டரை நீரின்மேல் இறக்கித் தரலாம். அதிலிருப்பவர்களைக் கரை சேர்க்கும் ஏற்பாடுகளோ, அது புறப்படுவதற்கு முன்பே கரையில் போராடிப் பெறப்பட வேண்டியவை.